சேலைக்கு இவ்வளவு என்று சொன்ன பத்மாவதி டீச்சர்

"டீச்சர், மாசம் மாசம்னு சொல்லிகினே இருக்கீங்க. எங்களுக்கு ஏதுங்க மாசம்?"

ஆரணியில் எங்கள் பள்ளியில், நெசவாளர் குடும்பங்களுக்காக மாலையில் நடந்த சேமிப்பு வகுப்பில் செல்வி கேட்ட கேள்வி இது. சென்ற வாரம் அதே செல்வி தொலைபேசியில் அழைத்து, "சார், பத்மாவதி டீச்சர் போயிட்டாங்க" என்றார்.

பத்மாவதி அவர்கள் தேசூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் அவர் வணிகவியல் ஆசிரியர், நான் அறிவியல். சமண நெறிப்படி பொழுது சாய்வதற்குள் உண்டுவிடும் வழக்கமுடையவர். "டீச்சர் ராத்திரி சாப்பாட்டையே மிச்சம் புடிக்கிறாங்கப்பா!" என்று வகுப்பில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அன்று பலகை நிறைய மாத வரவுசெலவை எழுதியிருந்தார். செல்வியின் கேள்வியைக் கேட்டதும் பலகைத் துடைப்பானைக் கையில் எடுத்தார். எழுதியது முழுவதையும் அழித்தார்.

"சரிம்மா, கூலி எப்ப வருது? நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

பாடம் புரியாவிட்டால் மாணவரைக் குறை சொல்வதே எங்களில் பலருக்கும் பழக்கம். அவரோ பாடத்தையே மாற்றினார். நான் வியந்து நின்றேன்.

செல்வி சொன்னார். சேலை நெய்து கொடுத்தால்தான் கூலி. மழைக்காலத்தில், கால் வைத்து மிதிக்கும் தறிக்குழியில் தண்ணீர் ஊறி நெசவு நின்றுவிடும். அப்போது பட்டு வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். அது கழியும்வரை அவர் வைத்ததுதான் கூலி. வேறொருவர் கூடுதலாகத் தந்தாலும் போக முடியாது.

"அப்போ மாசத்த விடுங்க. சேலைக்கு இவ்ளோன்னு எடுத்து, வீட்டுக்குப் போற வழியிலயே பேங்க்ல போட்டுடுங்க" என்றார் டீச்சர்.

செல்வியின் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "இன்னாடி, சேலை முழுசா போச்சு, கூலி மட்டும் கொறைஞ்சி வருது?"

"மழைக்குக் கூலி குடுத்துட்டு வரேன்யா."

ஐப்பசியில் குழியில் நீர் நின்றது; அதற்குள் பழைய முன்பணம் கழிந்திருந்தது, மழைக்காலச் செலவுக்கு வங்கியில் பணமும் சேர்ந்திருந்தது. வியாபாரியின் ஆள் வழக்கம்போல் வந்தார்.

"எவ்ளோ வேணும்மா?"

"இந்த வாட்டி வேணாங்கண்ணா. மழை விட்டு தறி திரும்ப ஓடட்டும். கூலிய பத்தி மொதலாளிகிட்ட நாங்களே வந்து பேசறோம்."

முன்பணம் இல்லை, இனி கூடுதலாகத் தருபவரிடம் போக முடியும் என்று கணவனும் மனைவியும் போய்ப் பேசினார்கள். மழை விட்டபின் நெய்த முதல் சேலைக்கே கூலி கூடியது. செய்தியைச் சொல்ல டீச்சர் வீட்டுக்கு விரைந்தேன். அவர் முதலில் கேட்டது வேறு.

"மழை முழுக்க நல்லா சாப்பிட்டாங்களா சார்? புள்ளைங்க வயித்த காயப்போட்டு சேக்கலையே?"

இல்லை என்று நான் உறுதி சொன்ன பிறகுதான் அவர் முகம் மலர்ந்தது.

அவரை வழியனுப்பிய அன்று வேலை நாள். ஆனாலும் தெரு நிறைய நெசவாளர்கள். செல்வியைப் போல, எந்த முதலாளியிடமும் அனுமதி கேட்டு வரவேண்டிய நிலையில் இல்லாதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். சென்று வாருங்கள், டீச்சர்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. அடுத்த முறை கூலியோ சம்பளமோ கைக்கு வந்ததும், முதல் செலவுக்கு முன், சாப்பாட்டைக் குறைக்காத அளவில் ஒரு சிறு பங்கைத் தனியே போட்டுப் பாருங்கள்.