வடக்குப் பக்கப் பை

"கொஞ்சம் கிழக்கால தள்ளி நில்லுங்க" என்றார் டீச்சர், பேருந்துப் படியை அடைத்து நின்ற என்னிடம். எது கிழக்கு என்று நான் யோசிப்பதற்குள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிவிட்டார்.

அவருக்கு இடது, வலது கிடையாது. புவியியல் எடுக்க வந்த நாளிலிருந்தே இப்படித்தானாம். "உன் கன்னத்துல, தெற்குப் பக்கம், மை" என்பார். பிள்ளைகள் சரியான கன்னத்தைத் துடைத்துக்கொள்வார்கள். வீட்டில்தான் இன்னும் தேறவில்லை. "உப்பு மேற்கு அலமாரியில இருக்குன்னு சொன்னா, எங்க வீட்டு மனுஷன் வாசலுக்குப் போய் சூரியனைப் பாத்துட்டு வர்றார்."

குட்டையானவர். தொப்பியை நாடாவால் தாடையில் இறுக்கியிருப்பார். கைப்பையில் சீப்பு இருக்காது, கல் இருக்கும். தேசியப் பூங்கா வாசலில் பையைத் திறந்து அவராகவே வனக் காவலரிடம் காட்டினார். "இதெல்லாம் நான் வீட்லேர்ந்து கொண்டுவந்த கல்லு. நல்லா பாத்துக்குங்க. திரும்பிப் போறப்ப இங்க எடுத்ததுன்னு சொல்லக் கூடாது." கற்களைக் கொண்டுவருகிற விருந்தாளியை அந்தக் காவலர் முன்பு பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்பை இங்கே கூட்டிவருகிறார். என் மகள் அந்த வகுப்பு. நான் துணைக்குப் போனேன். இந்த முறை தலைமை ஆசிரியையும் வந்திருந்தார். முன் இருக்கையில் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்: "இது பாடமா, பிக்னிக்கான்னு நானே பாக்கறேன். பிக்னிக்னா அடுத்த வருஷத்துலேர்ந்து கிடையாது. ஆத்தைத் திரையிலயே காட்டிக்கலாம்."

"சரிங்க மேடம்" என்றார் டீச்சர். விரல் மட்டும் தொப்பி நாடாவை முறுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் வழியில் ஒரு மலை தெரிந்தால் போதும், எழுந்து நின்றுவிடுவார். "மடிப்பைப் பாருங்கடா, மடிப்பைப் பாருங்க!" பின்வரிசையில் பாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அதற்கும் கோபமில்லை. பாட்டு முடியும்வரை காத்திருந்து, அடுத்த மலையைக் காட்டினார்.

ஆறு வந்தது. முழங்கால் ஆழம்தான், கண்ணாடி மாதிரித் தண்ணீர். அன்றைய முக்கிய வேலை அதன் வேகத்தை அளப்பது; பிறகு, பள்ளியிலிருந்து கொண்டுவந்த கம்பை ஊன்றி ஆழம் பார்ப்பது. மேலே ஓர் ஆரஞ்சை விட வேண்டும். அது பாதி மூழ்கி, தண்ணீரோடு சேர்ந்து வரும். கீழே ஒருவர் வலையில் பிடிக்க வேண்டும். இடையிலான தூரத்தையும் நேரத்தையும் குறித்தால் வேகம் கிடைத்துவிடும்.

"ஆரஞ்சுப் பையைக் கொண்டாங்க."

யாரும் நகரவில்லை. பிள்ளைகளின் விரல்களிலிருந்து ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றாள் வகுப்புத் தலைவி. "வடக்குப் பக்கப் பை சாப்பிட, தெற்குப் பக்கப் பை ஆத்துக்குன்னு. காலையில பஸ்ல பசிச்சப்ப வெயில் நேரா மூஞ்சில அடிச்சுது. அப்ப இடது கைப் பக்கம்தானே வடக்கு? அதைத்தான் எடுத்தோம்."

பள்ளி வாசலில், பேருந்துக்குள் இரு பக்கமும் ஒவ்வொரு பையை வைத்து டீச்சர் அதைச் சொன்னபோது, பேருந்து மேற்கே பார்த்து நின்றது. அதற்கப்புறம் கொண்டை ஊசி வளைவில் கிழக்கே திரும்பிவிட்டது; தெற்குப் பக்கப் பை வடக்குப் பக்கம் வந்துவிட்டது. மிச்சமிருந்த பையில் பிஸ்கட்.

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. "மேடம், கேட்டீங்களா? வெயிலை வெச்சே கண்டுபிடிச்சிருக்குதுங்க!"

"பிஸ்கட் மிதக்குமா?" என்றார் தலைமை ஆசிரியை.

மலர்ந்த முகம் சுருங்கியது. கீழே ஒரு காய்ந்த கட்டை கிடந்தது. பையன் ஒருவன் குனிந்தான். "தொடக் கூடாது தம்பி" என்றார் வாசலிலிருந்து கூடவே வந்திருந்த காவலர். "இங்க உள்ளது எதையும் எடுக்கக் கூடாது, நீங்க விடுறது எதையும் விட்டுட்டுப் போகக் கூடாது."

"அப்போ கிளம்பலாமா?" என்றார் தலைமை ஆசிரியை, தண்ணீர் பாட்டிலை உதட்டிலிருந்து எடுத்தபடி. டீச்சர் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். பாதி இருந்தது.

"மேடம், அதை இப்படிக் குடுங்களேன்."

"என் மருமக வாங்கிக் குடுத்தது டீச்சர் இது!"

"பத்திரமா வரும் மேடம்."

பாட்டில் தலையை ஆட்டிக்கொண்டே கிளம்பியது. பாறை இடுக்கில் நுழைந்தது, சுழன்றது, வெளியே வந்தது. கரையோரம் பிள்ளைகள் கத்திக்கொண்டே கூட ஓடினார்கள். முதலில் நடந்த தலைமை ஆசிரியையும் பிறகு ஓடினார். கீழே வலையோடு நின்றவன் தலைமை ஆசிரியை ஓடிவருவதையே வாய் பிளந்து பார்த்தான். பாட்டில் அவனைத் தாண்டியது.

"டேய், டேய், விட்டுட்டியேடா!"

தலைமை ஆசிரியை காலணிகளோடு ஆற்றில் இறங்கிவிட்டார். நாலு எட்டு வைத்துப் பாட்டிலைப் பிடித்துத் தலைக்குமேல் உயர்த்தினார். கரையே கூச்சலிட்டது.

"எவ்ளோ நேரம் ஆச்சு டீச்சர்? இன்னொரு தடவை விடலாமா? அந்தப் பாறையில முட்டினதாலதான் லேட்டு!"

"விடலாம் மேடம்" என்றபடி டீச்சர் கரை விளிம்புக்கு வந்து, குனிந்து கையை நீட்டினார். மேலே ஏற்றிவிடத்தான் என்று நினைத்துத் தலைமை ஆசிரியையும் கையை நீட்டினார். அந்தக் கையில் டீச்சர் ஆழம் பார்க்கும் கம்பைக் கொடுத்தார்.