அரளி நிழலில் பகல் தூக்கம்

பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது அவள் வந்து படுப்பாள். அவளது ஒற்றை அறையின் ஜன்னலோ தெருவைப் பார்த்தது. காலை வெயிலும் போகிற வருகிறவர்களின் கண்ணும் நேராகக் கட்டிலில் வந்து விழும். திரை போட்டால் காற்று வராது. அதனால்தான் ஜன்னலுக்கு வெளியே அரளிக் குச்சிகளை ஊன்றினாள்.

குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். முதல் கோடையில் துணி அலசிய தண்ணீரை ஊற்றினாள். அப்புறம் அது தன்பாட்டுக்கு வளர்ந்தது. ஆடுகள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். மொட்டையாக நிற்கிற பருவமே அதற்குக் கிடையாது. ஆளுயரம் வந்ததும் ஜன்னல் முழுக்கப் பச்சை, நடுநடுவே இளஞ்சிவப்புப் பூ. பூவை அவள் நின்று பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள்.

பக்கத்துப் போர்ஷன் தையல்காரரின் மகன் நடக்கத் தொடங்கியதும் வந்தது வினை.

"தப்பா நினைக்காதீங்க அக்கா," என்று அவன் அம்மா வாசலில் நின்றாள். "அரளி விஷமாச்சே. குண்டன் கையில கிடைச்சதெல்லாம் வாயில போடுறான்."

"மண்ணையும்தான் திங்கிறான். தெருவையே வெட்டிடலாமா? போம்மா, கண்ணு சொருகுது."

தையல்காரர் மனைவி பையனுக்குக் கீச்கீச் என்று கத்தும் செருப்பு வாங்கி மாட்டினாள். எங்கே போகிறான் என்று தெரியுமாம். தெரிந்தது பெரியம்மாவுக்குத்தான். கீச் சத்தம் ஜன்னல் பக்கம் வந்தால் விழித்துக்கொள்வாள். சத்தம் நின்றால் அதைவிட மோசம். வாரிச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடுவாள். அவன் உட்கார்ந்து எறும்பு பார்த்துக்கொண்டிருப்பான்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரியான நான் அப்போது வேலை தேடிக்கொண்டு அவளோடு இருந்தேன். "அவங்க புள்ளைய அவங்க பாத்துக்கட்டும். நீ எதுக்கு முழிச்சிருக்கணும்?" என்றேன்.

"வேணும்னேவா முழிக்கிறேன்? காது கேக்குதுடி."

நியாயமாகத்தான் பேசினேன் என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஓர் இரவு ஈரத்துணி மூட்டையில் சாய்ந்து தூங்கியவளைச் சூப்பர்வைசர் எழுப்பினார். இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை என்றார். காலையில் வீட்டுக்கு வந்தவள் படுக்கவில்லை. ரப்பர் கையுறை மாட்டி, ரம்பத்தை எடுத்து அரளியை அறுத்தாள். அடிக்கட்டையை நான் தோண்டினேன்.

"வெந்நீர் அடுப்புக்கு ஆகுமே," என்று வந்தார் தையல்காரர்.

"அந்தப் புகையும் ஆகாது. தொடாதீங்க."

ஓர் இலை விடாமல் கூட்டிச் சாக்கில் கட்டினாள். ஜன்னலில் பழைய படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம். அறை கொதித்தது. வியர்வையோடு படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கீச் சத்தம் ஜன்னலடிக்கு வந்தது, நின்றது. அவள் புரளக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. இடுப்பில் குண்டனோடு தையல்காரர் மனைவி. கண் கலங்கியிருந்தது.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுறேன்..."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சாயங்காலம் சொல்லும்மா. இப்ப தூங்க விடு."