பனிமலையில் கழற்றிய பூட்ஸ்

எங்கள் ஊரில் மலை உச்சி என்றால் அது செருப்பைக் கழற்றும் இடம். பர்மாக்காரர்களுக்கும் அப்படித்தான், தமிழர்களான நமக்கும் அப்படித்தான். பொன்பாறை மலைப் புத்தர் கோயிலுக்கு என் மகனைத் தோளில் உட்காரவைத்து ஏறியிருக்கிறேன். உச்சியில் தளம் வெயிலில் அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும். அப்போதும் யாரும் செருப்பைத் தேடமாட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. பஸ் படியில் தொங்கிக்கொண்டு ஆளேற்றியே காலத்தை ஓட்டியவன். மகனுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. பெரியவர்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு வந்துவிட்டது.

அந்த மகன் இப்போது ஜப்பானில் ஒரு பனிமலை ஓட்டலில் பெட்டி தூக்குகிறான். நாள் முழுக்க நின்றபடியும் நடந்தபடியும் வேலை. மருமகள் அதே ஓட்டலில் சமையலறையில் இருக்கிறாள். பேத்தி அங்கே பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். இங்கே வயசுப்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு பெற்றவன் தூங்க முடியாத காலம். தெருமுனையில் வண்டி நின்றால், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்துவிட்டார்களோ என்று எழுந்து எட்டிப் பார்ப்பேன். அவன் விமானம் ஏறிய அன்றுதான் நான் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

போன புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. நாங்கள் இருக்கும் தாமுவேயில் தார் இளகும் வெயில். வீட்டில் கரண்ட் இல்லை. எங்கள் தெரு பாயின் கூல்டிரிங்க்ஸ் கடையில் பேட்டரி உண்டு, நெட்டும் உண்டு. மகன் கூப்பிடுவதாகச் சொன்ன நேரத்துக்கு அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன். பாய் என்னைவிடச் சின்னவர், அவருடைய தாத்தா காலத்திலிருந்து இங்கே வியாபாரம். எனக்குப் போனில் பச்சைப் பொத்தானை அமுக்க மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்.

அங்கே வசந்தமாம். பனி இளக ஆரம்பித்துவிட்டால் கூட்டம் குறையுமாம், ஓட்டல் ஆட்களையும் மலையில் சறுக்க விடுவார்களாம். மகன் லீவு போட்டுவிட்டுப் பேத்தியை அழைத்துப் போயிருந்தான். கம்பியில் தொங்கும் நாற்காலியில் இரண்டு பேரும் மேலே போவதைப் போனில் காட்டினான். காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பேத்தி பர்மீசில், “போபோ, கீழே பாருங்க” என்று தாத்தாவாகிய என்னைக் கூப்பிடுகிறாள். நான் பாயின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே போனதும் காலில் மாட்டிச் சறுக்கும் கட்டைகளை நாற்காலி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பனியில் குத்தி வைத்துவிட்டு, மரங்களுக்குள் நடந்துபோனார்கள். அங்கே இடுப்பு உயரத்தில் மரத்தால் செய்த ஒரு சின்னக் கோயில். கூரைமேல் பனி கட்டியிருந்தது.

“உங்களுக்குக் காட்டத்தான்பா இம்புட்டு தூரம் வந்தோம்” என்றான் மகன்.

போனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தான். தன் பூட்ஸைக் கழற்றினான். அவளை உட்காரவைத்து அவளுடையதையும் கழற்றினான். போனைப் பனியில் சாய்த்து நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் காலுறையோடு பனியில் நின்று கைகூப்பினார்கள். நானும் இங்கே எழுந்து நின்றேன்.

பாய் எட்டிப் பார்த்தார். “என்னண்ணே, ஐஸு மேல போயி பூட்ஸக் கழட்டிட்டு நிக்கிறாங்க?”

“சாமி முன்னாடி வேற எப்படி நிக்கிறது?” என்றேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பூட்ஸ் நம் செருப்பு மாதிரி இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். கெண்டைக்காலில் பாதிவரை கெட்டி பிளாஸ்டிக், வரிசையாகக் கொக்கி. கால் சூடாக இருக்கும்போது கழன்றுவிடும். குளிரில் கொஞ்ச நேரம் கிடந்தால் தேங்காய்ச்சிரட்டை மாதிரி இறுகிவிடும். இளகிய பனியில் நின்றதால் காலுறையும் நனைந்து ஊறிப்போயிருந்தது. குழந்தையின் கால் பாதிவரை போய் நின்றுவிட்டது. அவன் அமுக்குகிறான், அவள் அழுகிறாள். அவனுடையதும் ஏறவில்லை.

“ஒண்ணுமில்லப்பா. கொஞ்சம் இறுக்கமா இருக்கு, அம்புட்டுத்தான்” என்றான்.

பயம் வந்தால் அவன் குரல் தணிந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அந்தக் குரல்தான் கேட்டது. அவன் முதுகுக்குப் பின்னால் வெள்ளையாக மூடுபனி இறங்கிவந்துகொண்டிருந்தது. முதலில் தூரத்து மரங்கள் காணாமல் போயின, அப்புறம் கிட்டத்து மரங்கள், அப்புறம் கோயிலின் கூரை. “போபோ, கால் வலிக்குது” என்றாள் குழந்தை. அதோடு படம் நின்றது, போனும் நின்றது.

பாய் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். குளிரில் பேட்டரி செத்திருக்கும் என்றார். மருமகளுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். அந்த நாற்காலி சாயங்காலத்துக்கு முன்பே நிறுத்தப்படும் என்று மகன் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தான். நிறுத்திவிட்டால் அந்த வெள்ளைக்குள் வெறும் காலுறையோடு இரண்டு பேரும் என்ன செய்வார்கள்?

மழைக்காலத்தில் பஸ் படியில் ஒருமுறை என் பிடி நழுவியது. சக்கரம் என் கைலியைத் தொட்டுவிட்டுப் போனது. அது ஒரு நொடிப் பயம், விழுந்தேனா இல்லையா என்று உடனே தெரிந்துவிட்டது. இது அப்படியில்லை, என்ன ஆனது என்று தெரியவே இல்லை.

முதலில் குழந்தையின் கால்தான் நினைவில் இருந்தது. அப்புறம் மகனின் கால். அவன் காலுக்கு ஒன்று ஆனால் வேலை போகும். வேலை போனால் அங்கே இருக்கவிடமாட்டார்கள், இங்கே திரும்பி வரவேண்டும். இங்கே வந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே எனக்குத் துணிச்சல் இல்லை.

கடையில் ஐஸ் போட்ட டிரம் ஒன்று இருக்கும். எழுந்துபோய் அதற்குள் கையை விட்டேன். முதலில் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் எரிந்தது. அப்புறம் எலும்புக்குள் ஆணி இறங்குவது போல இருந்தது. அதற்கப்புறம் என் கையா, வேறொருவர் கையா என்றே தெரியவில்லை.

“கைய எடுங்கண்ணே, யாவாரத்துக்கு வச்ச ஐஸு” என்றார் பாய்.

“புள்ள எம்புட்டு நேரம் தாங்கும்னு பாக்குறேன், பாய்.”

என் கையை அவரே தூக்கித் தன் தோள் துண்டில் சுற்றினார். அதற்குப் பிறகு அந்த டிரம்மிலிருந்து அவர் யாருக்கும் ஐஸ் எடுத்துக் கொடுக்கவில்லை. தொழுகை நேரம் வந்தது. என்னை விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போக மனமில்லாமல் பெட்டிகளுக்கு நடுவே தொழுகைப்பாயை விரித்து அங்கேயே தொழுதார். நான் யாரைக் கும்பிடுவது? நம் சாமிகளுக்கு அந்த மலை தெரியுமா? அந்த மலைச்சாமியின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெயில் எதிர்ச்சுவருக்குப் போன பிறகு மருமகள் கூப்பிட்டாள். அவள் பர்மாக்காரி, படபடப்பில் அவள் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. பாய்தான் கேட்டுச் சொன்னார். நாற்காலியை நிறுத்தவந்த ஆள், ஆளில்லாமல் நின்ற சறுக்குக் கட்டைகளைப் பார்த்திருக்கிறார். விசில் ஊதிக்கொண்டே மரங்களுக்குள் தேடிப் போயிருக்கிறார். மகன் குழந்தையின் காலைத் தன் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். இரண்டு பேரையும் போர்வையில் சுற்றி, இழுவைப் பலகையில் கீழே கொண்டுவந்துவிட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு மகனே கூப்பிட்டான். பேத்தியின் காலைக் காட்டச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே விரல்களை ஆட்டினாள், சிவந்திருந்தன. அவன் போனை அவள் பக்கமே திருப்பித் திருப்பிக் காட்டினான்.

“உன் காலக் காட்டுடா.”

“நல்லாத்தான்பா இருக்கு.”

“காட்டு.”

காட்டினான். இடது காலில் இரண்டு விரல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. ஆட்டச் சொன்னேன். மற்ற விரல்கள் ஆடின, அவை ஆடவில்லை. பாய் என் தோளில் கை வைத்தார். டாக்டர் பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்றான். பத்து நாளோ பன்னிரண்டு நாளோ, தினமும் அந்தக் காலைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஒருநாள் அந்த விரல்கள் ஊசி குத்துவது போல வலிக்கின்றன என்று முகத்தைச் சுளித்தான். உயிர் இருந்தால்தானே வலிக்கும். பாயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். விரல் தப்பியது, வேலையும் தப்பியது.

பனி முழுக்க உருகும் முன்னால் பேத்தி மறுபடி மேலே போகவேண்டும் என்றாளாம். போனமுறை சாமியிடம் கேட்க மறந்ததைக் கேட்கவேண்டுமாம். மகன் என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். போகாதே என்று சொன்னால் சாமியை வேண்டாம் என்றது போல ஆகும். போ என்று சொல்ல நெஞ்சு வரவில்லை.

“போனா பூட்ஸோடயே நின்னு கும்பிடுங்க” என்றேன். “கழட்டாதீங்க.”

“தப்பில்லையாப்பா?”

“தப்புன்னா அது என் தலையில விழட்டும். நீ கழட்டாத.”

சொல்லிவிட்டேன். பெயர் தெரியாத அந்தச் சாமி இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.