கேட்ட வீடுகளுக்கே திரும்பிப் போனவர்

தனக்கொடி அக்கா இறந்த செய்தியை அவர் மகள் கவிதாதான் போனில் சொன்னாள். பெரம்பலூரில் எங்கள் கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். "சார், அம்மா தவறிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்றாள். முதல் வகுப்பை முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் உள்ளே நடந்தேன். புத்தகத்தைத் திறந்த பிறகு முடியவில்லை. மாணவர்களிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் அவர் வீட்டை அடைந்தபோது, எதிரே இருந்த முந்திரித் தோப்பு வரை ஆட்கள் நின்றிருந்தார்கள்.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு முதல் தடுப்பூசி போட்டவர் அவராக இருக்கலாம். கிராம சுகாதாரச் செவிலியராக அவரை எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்ற பின் அவர் செய்த ஒரு காரியம் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அதில் நானும் இருந்தேன், பெருமைப்படும்படியாக அல்ல.

உலக அளவில் இயங்கும் பொது சுகாதார அமைப்பு ஒன்று, பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது விஷம் ஏறிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பல நாடுகளில் விவரம் சேகரித்தது. எங்கள் பக்கத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் வேலை அக்காவுக்கு. அதை ஆங்கிலத்தில் மாற்றித் தரும் வேலை எனக்கு. படிவத்தில் ஒரு கேள்வி: 'பாதுகாப்பு உடை அணிந்திருந்தீர்களா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அக்கா 'இல்லை'யில் குறியிட்டுவிட்டு, கீழே பேனாவால் தனியாக எழுதுவார். 'கடையில் அப்படி ஒன்று கிடையாது.' 'மழைக்கோட்டைப் போட்டு அடித்தேன், வெயிலில் மயக்கம் வந்தது.'

"இதையெல்லாம் கேட்கவில்லையே அக்கா" என்றேன்.

"வெறும் இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போனா குத்தம் இவங்க மேலதான் வுழும் சார். ஏன் இல்லைன்னு சொல்ல வேணாமா?"

பாடாலூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பூங்கோதை என்பவரைப் பார்த்தோம். ஆள் உயரத்துக்கு வளர்ந்த பருத்திக்குள் மருந்து அடித்துவிட்டு வந்த அவருடைய கணவர், அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு பூங்கோதை கேட்டார்: "இதை எழுதிக்கிட்டுப் போயி என்னங்க நர்சம்மா பண்ணுவீங்க?"

"பெரிய எடத்துல படிப்பாங்க. இந்த மருந்தை இனிமே விக்கலாமா கூடாதான்னு பேசுவாங்க. நீ சொன்னது அங்க போய்ச் சேரும்."

போய்ச் சேர்ந்தது. அறிக்கையின் முதல் வரைவு எங்களுக்கு வந்தபோது, அந்த மருந்தின் விற்பனையை அரசுகள் நிறுத்த வேண்டும் என்று தெளிவாகவே இருந்தது. சில மாதங்கள் கழித்து, இறுதி வடிவத்துக்கு உள்ளூர்க் குழுவின் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துக் கேட்டு ஒரு கடிதம் வந்தது. தேர்வுத்தாள் திருத்தும் நேரம். அறிக்கையைத் திறந்து பார்க்காமலே கையெழுத்திட்டு அனுப்பினேன்.

அச்சாகி வந்ததை அக்காதான் வரிவரியாகச் சொல்லச் சொன்னார். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவன் முடிவுரையில் நின்றுவிட்டேன். 'விவசாயிகளின் தவறான பயன்பாடே முக்கியக் காரணம். அவர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம்.' விற்பனையை நிறுத்துவது பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா பேனாவால் எழுதியவை எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தவர்கள் வரிசையில் பூச்சிமருந்துத் தயாரிப்பாளர்களின் சங்கமும் இருந்தது.

டெல்லியில் இருந்த ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். அரசுகள் தரும் பணம் போதாமல், கிடைக்கிற இடத்தில் வாங்கித்தான் இது போன்ற ஆய்வுகள் நடக்கின்றனவாம். மருந்தை ஏற்றுமதி செய்யும் சில நாடுகளின் பிரதிநிதிகளும் விற்பனையை நிறுத்தச் சொன்ன வரியை எதிர்த்திருக்கிறார்கள். அறிக்கையே வராமல் போவதைவிட இப்படியாவது வரட்டும் என்று ஒப்புக்கொண்டார்களாம். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. "இதுல உங்க பேரு இருக்கு. என் பேரும் இருக்கு. நாளைக்கு வண்டி எடுத்துக்கிட்டு வர்றீங்களா? அவங்க வூட்டுக்கெல்லாம் போயிச் சொல்லிட்டு வந்துடுவோம்" என்றார்.

எனக்குப் போக விருப்பமில்லை. போனேன். பூங்கோதை களத்தில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார். அக்கா நின்றபடியே சொன்னார்: "உங்க வூட்டுக்காரரு தப்பா அடிச்சதாலதான் செத்தாருன்னு எழுதிட்டாங்க. நான் அப்படி எழுதிக் குடுக்கல. ஆனா எழுதிட்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பூங்கோதை சோளத்தைக் கிளறுவதை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க அதைப் பாக்கலீங்களா சார்?"

"பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்றேன்.

"அப்ப நான் சொன்னதைத் திருப்பிக் குடுத்துடுங்க. அதை வச்சிக்கிட்டு இப்படி எழுத வேணாம்."

நாங்கள் யாரும் யோசிக்காத வழி அது. அக்கா அடுத்த வாரங்களில் மீதி வீடுகளுக்கும் போனார். நான் வராத நாட்களில் டவுன் பஸ்ஸில் போனார். சிலர் கதவடைத்தார்கள். ஒரு வீட்டில் அவரை நிற்கவைத்தே ஏசினார்கள். "ஏசட்டும். கேக்கப் போனப்ப மோர் குடுத்தாங்கல்ல" என்று அதையும் என்னிடம் சொன்னார். 'எங்கள் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறோம்' என்ற கடிதத்தில் பெரும்பாலான குடும்பங்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தன. நான் ஆங்கிலத்தில் எழுதினேன். என் ஒப்புதலையும் திரும்பப் பெறுவதாகக் கீழே சேர்த்தேன்.

முடிவுரை மாறவில்லை. அந்த மருந்து இன்றும் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. இணையத்தில் உள்ள அறிக்கையில் மட்டும் ஓர் அடிக்குறிப்பு சேர்ந்தது: இந்த மாவட்டத்துக் குடும்பங்கள் முடிவை ஏற்காமல் தங்கள் வாக்குமூலங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. அதைப் படித்துச் சொன்னபோது அக்கா, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். கொஞ்சம் கழித்து, "சரி, பூங்கோதைக்கு நானே போயிச் சொல்லிக்கிறேன்" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வழக்கம்தான். யார் சொல்லி எழுதினேனோ அவர்களிடம் வாசித்துக் காட்டாமல் எதிலும் இப்போது கையெழுத்திடுவதில்லை. அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். சிமெண்ட் தூசியால் வரும் இருமல் பற்றிய வேறொரு ஆய்வு. அந்த வீட்டு அம்மாள் சொன்னதை எழுதி, அவரிடமே வாசித்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது வரியில் கையை நீட்டி நிறுத்தினார்.

"நான் அப்படிச் சொல்லலீங்க."

அந்த வரியை அடித்தேன். "எப்படிச் சொன்னீங்க, சொல்லுங்கம்மா" என்று பேனாவை எடுத்தேன்.