கஸ்தூரி வீட்டுக்கு வந்த வௌவால்

கஸ்தூரிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அருப்புக்கோட்டையில் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். பரளச்சிக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் இந்த ஊரின் அமைதியே அவளைத் தூங்கவிடவில்லை. பிறகு மகள் தங்கமாரிக்கு மூச்சிழுப்பு வந்தது. பருத்தி எடுக்கப் போனாலும் பாதியிலேயே மடியை அவிழ்த்துக் கொட்டிவிட்டு, பிள்ளை மூச்சைக் கேட்க வீட்டுக்கு ஓடி வருவாள்.

அன்றைக்கும் பிள்ளையின் நெஞ்சு விசிலடித்தது. புருஷன் சின்னத்துரை லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அவள் பையை எடுத்தபோது, கொழுந்தன் மருதுபாண்டி ஒரு சாக்கோடு வந்து வேப்பமரத்தடியில் வைத்தான். சாக்கு அசைந்தது.

“டவுனுக்கெல்லாம் வேண்டாம் மதினி. கண்மாய்க்கரையில வலை கட்டிப் பிடிச்சேன், பழந்தின்னி வௌவாலு. சூப்பு வச்சுக் குடுங்க, இழுப்பு ஓடியே போயிரும்.”

கஸ்தூரி ஓரடி பின்வாங்கினாள். கேரளாவில் காய்ச்சல் பரவிய சமயம் ஊருக்கு வந்த நர்ஸ் சொன்னது நினைவிருந்தது. சில வௌவால்களின் உடம்பில் கிருமி குடியிருக்கும். வௌவாலை அது ஒன்றும் செய்யாது. எச்சிலோ ரத்தமோ பட்டால் மனிதரைத்தான் படுக்கப்போடும். எதில் இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது.

“அதுல கிருமி இருக்குமாம்ல தம்பி?”

“கொதிக்கிற சட்டியில எந்தக் கிருமி நிக்கும்? நல்லாக் கொழுகொழுன்னு இருக்கு மதினி.”

“கொதிக்கிறதுக்கு முந்தி அறுக்கணுமே, அது யாரு? நான். அந்தக் கையாலதான் பிள்ளைக்குச் சோறு ஊட்டணும்.”

“அப்ப நான் அறுக்கேன்.”

“நீ சேவலு அறுத்த லட்சணத்தைத்தான் ஊரே பாத்துச்சே. அது ஒரு பக்கம் ஓட, நீ ஒரு பக்கம் ஓடுன.”

அவள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், திரும்புவதற்குள் இவன் அரிவாள்மனையை எடுத்துவிடுவான். போகாமல் இருந்தால் பிள்ளை தாங்காது. ஊருக்கு ரோடு பிரியும் விலக்கில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

ஆட்டுக்குக் குழை பறிக்கும் தொரட்டியை எடுத்து, எட்ட நின்றபடியே சாக்கின் சுருக்கை இழுத்தாள். வௌவால் தவழ்ந்து வெளியே வந்தது. பெருவிரல் நகத்தால் மரத்தைப் பற்றி ஏறி, மேலே போனதும் சிறகை விரித்துப் பறந்துவிட்டது.

“போச்சே! ராவெல்லாம் கிடந்து பிடிச்சேன் மதினி!” மருதுபாண்டி கையை உதறினான். அப்போதுதான் அவன் விரலில் சுற்றியிருந்த துணியைக் கண்டாள்.

“என்னது அது?”

“சும்மா கீறல். வலையில இருந்து எடுக்கையில பல்லு பட்டுருச்சு.”

“அடப்பாவி! சோப்புப் போட்டு, நான் போதும்ங்கிற மட்டும் கழுவு. கழுவிட்டு நீயும் ஏறு, ஊசி போடணும்.”

அவன் கழுவி முடிக்கும்வரை டிரைவருக்குக் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி வைத்து, பிள்ளையோடு ஏறினார்கள். உட்கார்ந்ததும் தங்கமாரி வழக்கம்போலச் சித்தப்பன் மடிக்குத் தாவினாள். அவனும் கையை நீட்டினான். கஸ்தூரி பிள்ளையை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“டாக்டர் சொல்லட்டும் தம்பி.”

மருதுபாண்டி நீட்டிய கையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பின் சீட்டுக்குப் போய்விட்டான்.