கடல் பார்த்த வீடு

மகளுக்கு மட்டக்களப்பில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வாடகைக்கு இடம் தேடுகிறேன் பேர்வழி என்று கைத்தொலைபேசியும் கையுமாக இருக்கிறேன். ஓர் அறைக்குக் கேட்கிற காசைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. நேற்று ஒரு விளம்பரம்: ‘கல்லடி. கடல் பார்த்த வீடு. ஆறு மாத முற்பணம்.’ கடல் பார்ப்பதற்காகவே வாடகை கூடுதல். படத்தில் தாமரைப்பூக் கம்பி போட்ட நீல ஜன்னலைக் கண்டதும் பெரிதாக்கிப் பார்த்தேன். நாங்கள் குடியிருந்த வீடு.

சுனாமிக்கு அடுத்த வருடங்கள் அவை. கடல் பக்கம் என்றாலே சனம் பயந்தது. அதனால்தான் புதிதாகக் கலியாணம் முடித்த, அலுவலக எழுதுவினைஞனான எனக்கு வாடகை கட்டுப்படியானது. வீட்டுக்காரர் சாமித்தம்பியார் வயலை விற்று, மகள் வசந்திக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. எங்கள் பக்கம் வீடில்லாமல் சம்பந்தப் பேச்சே தொடங்காது. அவர் போட்டது ஒரே நிபந்தனை.

“மனே, புள்ளைக்குச் சம்பந்தம் சரிவந்தா மறுமாசம் வீட்ட விட்டு எழும்பிரணும்.”

மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் எங்கள் பாய், சட்டி, என் கிழிந்த சாரம் எல்லாம் பக்கத்தில் அவர் வீட்டு அடுப்படிக்குப் போய்விடும். புது வீடு புதிதாகத் தெரிய வேண்டுமே. மீன் பொரித்த மணம் போகச் சாம்பிராணி போட்டுவிட்டு, நிறைமாத மனைவியும் நானும் அங்கேயே ஒடுங்கிக் கிடப்போம். இன்றும் சாம்பிராணி மணந்தால் எனக்குப் பாயைச் சுருட்டத் தோன்றும்.

வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் பிடிக்கும். பிறகு யாராவது, “கடல் இரைச்சல் கேக்குதே” என்பார்கள். சாமித்தம்பியார் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். சாத்தினால் கேட்காதா என்ன?

கதிரவெளியிலிருந்து வந்த ஒரு தாய், இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவள், வாசற்படியே ஏறவில்லை. “புள்ள தங்கம்கா. இந்த வீட்டுலதான் என்ட மகனை விட ஏலாது.” அவளை யார் குறை சொல்வது?

அவர்கள் போனதும் வசந்தி பட்டுச்சேலையோடு எங்கள் பாயைத் தூக்கிவந்து விரிப்பாள். “படுங்க அக்கா, காலெல்லாம் வீங்கிக் கிடக்கு” என்பாள் என் மனைவியிடம். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். அதுதான் பொறுக்க முடியாதது.

அங்கேயே மகள் பிறந்தாள். பிறகு இடமாற்றம் வந்து நாங்களாகவே எழும்பினோம்.

இன்று விளம்பரத்திலிருந்த இலக்கத்துக்கு அழைப்பு எடுத்தேன். வசந்தியின் குரல். அப்பா போய்ச் சேர்ந்து கனகாலமாம். “இந்த வீட்டுல பொறந்த புள்ளயா வருது!” என்று துள்ளினாள். பழக்கதோஷம், கேட்டுத் தொலைத்தேன்: “எப்ப எழும்ப வேண்டி வரும்?”

தொலைபேசியில் கடல் இரைச்சல் கேட்டது.

“விரும்பின காலம் இருக்கட்டும் அண்ணன். இனி ஆரு வரப்போறாங்க?”