ஞாயிறு வகுப்பின் குளிர்

அந்த மண்டபத்தின் ஹீட்டிங்கை நான் கெடுக்கவில்லை. நானே செய்துவைத்த ஓர் ஏற்பாட்டை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். இந்த வேறுபாடு எனக்கு அப்போதும் முக்கியமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இரண்டாயிரங்களின் நடுவில் லண்டனில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடங்கள், அலுவலகங்கள், நூலகங்கள் எந்த நேரத்தில் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று கருவிகளுக்குச் சொல்லிவைப்பது என் வேலை. சரியாகச் செய்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு உட்காருவார்கள். தப்பாகச் செய்தால் மட்டும் ஃபோன் அடிக்கும். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்தவள் நான். நோர்பரியில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன்.

காலை ரயிலில் நின்றபடி அன்றைய நாளை மனதில் வரிசைப்படுத்துவது என் பழக்கம். ரயில், பாய்லர் அறை, சாண்ட்விச், மின்னஞ்சல், மறுபடி ரயில், சமையல், அம்மாவுக்கு ஃபோன். அந்த வரிசையில் குறை எதுவும் இருக்காது. எதையும் நீக்கவும் முடியாது. ஆனால் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் வராது. துக்கம் என்று சொல்ல முடியாது, தனிமையும் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஏதாவது ஓடுகிறதா, இல்லை இவ்வளவுதானா என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. பசியைப் போல அது நேரத்துக்கு வந்துவிடும்.

அந்தப் பசியோடுதான் அக்காவோடு ஞாயிறு வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். விம்பிள்டன் பக்கம் ஒரு பள்ளி மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சென்னையிலிருந்து வந்த வங்கி அதிகாரி ஒருவர் மதியம் மூன்று மணிக்கு வேதாந்தம் பேசுவார். நாற்பதைத் தாண்டியவர். வார நாட்களில் டை, ஞாயிற்றுக்கிழமை வேட்டி. மேடையில் விளக்கு ஏற்றியிருப்பதால் எல்லோரும் செருப்பையும் ஷூவையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அவர் விதி. நாங்கள் சாக்ஸோடு தரையில் உட்காருவோம். அவர் மட்டும் வெறுங்காலோடு மேசைக்குப் பின்னால் நாற்காலியில் இருப்பார். குளிர், சூடு, புகழ், அவமானம் எல்லாம் உடம்போடு நிற்பவை, உள்ளே இருப்பவனைத் தொடாதவை என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். நன்றாகப் பேசுவார். அதை மறுக்க மாட்டேன்.

நான் போன முதல் ஞாயிறன்று மண்டபம் விறைத்துக் கிடந்தது. உயரமான கூரை, ஓடு பதித்த தரை. மூன்று மணிக்குப் பொத்தானை அழுத்தினால் ஐந்து மணிக்குத்தான் சூடு ஏறும். ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்துவிடும். எல்லோரும் ஷூ போட்டுக்கொண்டிருக்கும்போது ரேடியேட்டர்கள் இதமாக இருக்கும். நான் பள்ளியின் பராமரிப்பாளரிடம் அனுமதி கேட்டேன். அவர் பாய்லர் அறையைத் திறந்துவிட்டு, இஷ்டம்போல் செய் என்று போய்விட்டார். மதியமே ஹீட்டிங் தானாக ஆரம்பிக்கும்படி டைமரில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு வரி சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அக்கா தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துக்காரர் திருந்திட்டினம் போல," என்றார். அன்று எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம் கேள்விகளுக்கு. தை மாதத்தில் ஒரு நாள் நான் கையைத் தூக்கினேன். ஒரு வாரமாக ரயிலில் திருத்தித் திருத்தி வைத்திருந்த கேள்வி. "சார், தினமும் செய்யுற வேலை, சமையல், பயணம், இதுக்குள்ளேயே ஏதாவது அர்த்தம் இருக்கா? இல்ல, அதை வெளிய எங்கயாவது போய்த்தான் தேடணுமா? உள்ளேயே இருந்தா எனக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"இல்ல சார்."

"அதான். உங்களுக்கு வேண்டியது வேதாந்தம் இல்ல, ஒரு மாப்பிள்ளை. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் இந்த மாதிரி யோசிக்க டைமே இருக்காது."

மண்டபம் சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஷூ போடும் இடத்தில் இரண்டு பெண்கள் என் நட்சத்திரம் கேட்டார்கள். ஒருவர் தன் தம்பி ரெடிங் நகரத்தில் ஐடியில் இருப்பதாகச் சொன்னார். நான் இரண்டு பேருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னேன்.

காரில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்ததை அக்கா கவனித்துவிட்டார். "இதென்ன பிள்ளை, அவர் பகிடிதானே விட்டவர்."

"நீங்களும் சிரிச்சீங்கக்கா."

"சிரிப்பு வந்திட்டுது. அதுக்கு நான் என்ன செய்யிறது?"

அவமானம் உள்ளே இருப்பவனைத் தொடாது என்று அவர் சொன்னது என் விஷயத்தில் பொய். தொட்டது. நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, தோசை சுட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, என்ன செய்யலாம் என்று யோசித்தேன். அவருக்குக் காட்டமாக மின்னஞ்சல் எழுதலாம்: எல்லோருக்கும் படித்துக் காட்டி மறுபடி சிரிக்க வைப்பார். வகுப்புக்குப் போகாமல் இருக்கலாம்: யாரும் கவனிக்க மாட்டார்கள். அவர் சொல்வதைச் சோதித்துப் பார்க்கலாம்.

அடுத்த ஞாயிறு முன்கூட்டியே போய், நான் சேர்த்திருந்த வரியை டைமரிலிருந்து அழித்தேன். அதற்கு இரண்டு பொத்தான்கள் போதும். மண்டபம் பழைய நிலைக்குத் திரும்பியது. அக்காவுக்கு மட்டும் தடித்த கம்பளிச் சாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சிரித்தவர்தான். ஆனாலும் அவருக்கு மூட்டு வலி.

அந்தக் குளிர்காலத்தை நான் ரசித்தேன் என்று எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. முதல் வாரம் வங்கி அதிகாரி ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்துக்கொண்டு பேசினார். அடுத்த வாரம் கால்களை மடக்கி நாற்காலி மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஆத்மாவைப் பற்றிய நீண்ட வாக்கியங்கள் நடுவில் அறுந்தன. மூன்று மணிக்கு ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்துவார். ஐந்து மணிக்கு ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பள்ளியைத் திட்டுவார். பராமரிப்பாளர் வந்து, பாய்லர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மை. நான் முன் வரிசையில், முதுகை நிமிர்த்தி, அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரெடிங் தம்பியின் அக்கா வருவதை நிறுத்திவிட்டார். கூட்டம் பாதியானது.

நானே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. திங்கள் காலை ரயிலில் அந்தப் பசி வரவில்லை. வரிசையின் கடைசியில் இப்போது ஞாயிற்றுக்கிழமை நின்றது. மற்றவையெல்லாம் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அர்த்தம் என்று நான் தேடியது இவ்வளவு மலிவாகவா கிடைக்கும் என்று ஒரு நாள் வெறுப்பாகக்கூட இருந்தது. ஆனாலும் வரியைத் திரும்பச் சேர்க்கவில்லை.

பிறகு ஒரு வாரம் அவர் முகம் தெளிவாக இருந்தது. பேச்சும் தடையில்லாமல் ஓடியது. மேசையில் புதிதாக ஒரு வெள்ளைத் துணி, தரை வரைக்கும் தொங்கியது. துணிக்குப் பின்னால் மெல்லிய ஆரஞ்சு வெளிச்சம். கர்ப்பக்கிரகம் போல இருந்தது. நாங்கள் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குளிர் உடம்போடு நின்றுவிடும் என்று அவர் ஆரம்பித்தபோது, என் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது.

"அப்ப அவருக்கு ஹீட்டர், எங்களுக்குத் தத்துவமோ?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்தேன், வாயை மூடாமல்.

அன்று வகுப்பு முடிந்ததும் அவர் என்னை நடைபாதையில் நிறுத்தினார். "நீங்க ஹீட்டிங் லைன்லதான இருக்கீங்க? கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

"பாக்குறேன் சார். அதுக்கு முன்னாடி என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

"எந்தக் கேள்வி?"

நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. அத்தனை வாரக் குளிரும் எதற்கென்று தெரியாமலேயே அவர் அனுபவித்திருக்கிறார். என் கோபம் அந்த இடத்தில்தான் முழு உயரத்துக்கு எழுந்தது. குரலை உயர்த்தாமல், ஒரு சொல் மாற்றாமல், கேள்வியை மறுபடி கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். வழக்கமான ஒன்று வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர், கட்டாமலே நிமிர்ந்தார்.

"தெரியலைம்மா," என்றார். "ட்ரெயின்ல போறப்ப எனக்கும் தோணும். தெரியலை."

"இதை அடுத்த வாரம் மேடையில சொல்லுங்க."

"அதெப்படிங்க, அத்தனை பேர் முன்னாடி?"

"என்கிட்ட மாப்பிள்ளைன்னு சொன்னது அத்தனை பேர் முன்னாடிதான சார்."

அவருக்கு இப்போது நினைவு வந்தது. காது சிவந்தது. மறுபடி லேஸைக் கட்டக் குனிந்தார்.

"அப்ப ஹீட்டிங் பத்தி எனக்கும் தெரியலை," என்று சொல்லிவிட்டு அக்காவின் காருக்குப் போனேன்.

அவர் மேடையில் சொல்லவே இல்லை. மாசி முடிவதற்குள் வகுப்பு யாரோ ஒரு டாக்டரின் வீட்டு வரவேற்பறைக்கு மாறியது. தரை முழுக்கக் கார்ப்பெட்டாம். எல்லோருக்கும் அழைப்பு வந்தது, எனக்கு வரவில்லை. அக்கா போனார். திரும்பி வந்து சமையலறையில் கைப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீர்தான் அங்கை ஏதோ செய்துபோட்டீர் எண்டு எனக்கு விளங்கும். நான் கேக்கேல்லை."

"வகுப்பு எப்படிக்கா?"

"வழமை போலத்தான். ஆனா கேள்வி கேக்கிற நேரத்தை நிப்பாட்டிப் போட்டார். இப்ப அந்த நேரம் டீயும் ரோல்ஸும் தருகினம். ரோல்ஸ் திறம்."

நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நிறைவாக இருந்திருக்காது. திங்கட்கிழமை ரயிலில் எனக்கு அந்தப் பசி திரும்ப வந்தது. மேடையில் உட்கார்ந்திருக்கும் யாரிடமும் அதை இனிக் கொண்டுபோக மாட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. நகரத்தின் வேறொரு ரயிலில், டையும் பெட்டியுமாக அவர் நின்றுகொண்டிருப்பார். கேட்க யாரும் கையைத் தூக்காவிட்டாலும் அந்தக் கேள்வி அவரிடமும் வரும்.

வரட்டும்.